நீலகிரி வெளிச்சத்தை அளத்தல்

ஒளி பட்டால் மாறுதலடையும் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, முற்றிலும் இருளடைந்த கூடங்களில், மெல்லிய தகட்டின்மேல் சீராகப் பூசிப் பிலிம் சுருளாக்கும் தொழிலை நம் தேசத்திலேயே நடத்த வேண்டுமென்று இந்திய அரசாங்கம் தீர்மானித்து, 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தபோது, அதற்கு வாய்த்த இடம் உதகமண்டலம். பூச்சு உலர்வதற்குள் ஒரு தூசி வந்து ஒட்டிக்கொண்டாலும் அது படத்தில் புள்ளியாக நின்றுவிடும் ஆகையால், தூசி குறைந்த மலைக்காற்றும் வெப்பம் மிகாத சீதோஷ்ணமும் அத்தொழிலுக்கு மிகவும் அநுகூலமானவை. பிரான்ஸ் தேசத்து பௌஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும், அச்சுக் காகிதமும், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் சென்றன. அந்த ஆலை இன்று ஓய்ந்துவிட்டது. ஆயினும் வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் பொருளை உண்டாக்கிய அதே மலைதான், வெளிச்சத்தை அளக்கக் கற்பவனுக்கு நம் நாட்டில் கிடைக்கக்கூடிய மிகக் கடினமான பள்ளிக்கூடமும் ஆகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சமவெளியில், சித்திரை மாதத்து மதுரையிலோ திருச்சியிலோ, காலை ஒன்பது மணிக்கு அளந்த வெளிச்சம் மாலை நாலு மணி வரைக்கும் பெரிதாக ஏமாற்றாது. குன்னூரில் அப்படியில்லை. தேயிலைச் சரிவின்மீது சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து, பத்து நிமிஷத்தில் எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரத்தை மறைத்துவிடும். அது விலகியதும் நனைந்த இலைகள் யாவும் கண்ணாடித் துண்டுகளைப்போல் மின்னும். அடுத்த வளைவில் சோலைக்காடு, அதனுள் நண்பகலிலும் அந்திப்பொழுதின் இருட்டு. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சியில் நிற்பவன் தன் காலடியில் மேகத்தையும், தலைக்குமேல் ஆழ்ந்த நீலவானத்தையும் ஒருசேரக் காண்கிறான். இத்தனை மாறுதல்களுக்கும் ஈடுகொடுத்து, பிலிமுக்கு மிகாமலும் குறையாமலும் ஒளியை ஊட்டுவதற்கு எக்ஸ்போஷர் என்று பெயர். அதைத் தானியங்கிச் சாதனத்திடம் ஒப்படைக்காமல் கையாலேயே நிர்ணயிக்கும் தூரமானிக் காமிராவைப் பற்றியதே இக்கட்டுரை.

ரேஞ்ச்ஃபைண்டர் என்று வழக்கில் சொல்லப்படும் இந்தக் காமிராவின் விசேஷம், பார்க்கும் வழியும் படமெடுக்கும் வழியும் வேறுவேறாக இருப்பது. காமிராவின் நெற்றியில் இடைவெளிவிட்டு இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்றின் வழியாக நேரே தெரியும் காட்சியின் நடுவில், மற்றொன்றின் வழியாக வந்து கண்ணாடிகளில் திரும்பிய பிம்பம் ஒரு சிறு கட்டமாகப் படிகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரட்டை பிம்பம் நெருங்கி ஒன்றாகிவிட்டால் தூரம் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். நிலத்தை அளப்பவர்களின் முக்கோணக் கணிதம்தான் இதற்கும் ஆதாரம். லைக்கா எம் வரிசைக் காமிராக்களில் அந்த முக்கோணத்தின் அடிக்கோடு சுமார் 7 சென்டிமீட்டர். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கார் பர்னாக் என்ற நிபுணர், சினிமாவுக்கென்று செய்யப்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமைக் குறுக்கே ஓடவிட்டு அமைத்த லைக்கா 1925-இல் வெளிவந்தது. லென்ஸோடு இணைந்து இயங்கும் தூரமானி 1932-இல் வந்த இரண்டாம் மாதிரியில் சேர்ந்தது. 1954-இல் வந்த எம்3 அந்தக் கலையின் சிகரம் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சிகரத்திலும் ஒளியை அளக்கும் உறுப்பு கிடையாது.

பார்க்கும் ஜன்னல் லென்ஸின் வழியாகச் செல்லாததால், லென்ஸின் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும், அதன்மேல் எந்த வர்ணப் பில்டரைப் பொருத்தினாலும், பார்ப்பவன் கண்ணுக்கு உலகம் எப்போதும் ஒரே தெளிவோடு ஜொலித்துக்கொண்டிருக்கும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தவனுக்குக்கூடக் காட்சி குறைவின்றித் தெரியும். எனவே இக்காமிராவைக் கையாள்பவன், பிலிமின்மேல் என்ன விழுகிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. வெளிச்சத்தைப் பற்றி ஓயாமல் சிந்திக்கச் செய்வதால், நான் இதைப் பெருங்கொடையாகவே கருதுகிறேன்.

எக்ஸ்போஷர் மூன்று அளவுகளால் நிச்சயமாகிறது. முதலாவது பிலிமின் வேகம். 100 என்று குறித்த பிலிமைவிட 200 என்று குறித்தது இரு மடங்கு உணர்ச்சி உடையது. இரண்டாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். வினாடியில் 60-இல் ஒரு பங்கு, 125-இல் ஒரு பங்கு, 250-இல் ஒரு பங்கு என்று பாதி பாதியாக இறங்குவது. மூன்றாவது லென்ஸின் துவாரம். இதன் எண்கள்தான் புதியவர்களை மயக்குகின்றன. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்கள், லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்தவை. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 2 என்றால் விட்டம் 25 மில்லிமீட்டர். 16 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர்தான். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், எண் ஏறக்குறைய 1.4 மடங்கு பெருகினால் நுழையும் ஒளி பாதியாகிறது. அந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் என்று பெயர். 8-இல் 125-இல் ஒரு பங்கு வைத்தாலும், 5.6-இல் 250-இல் ஒரு பங்கு வைத்தாலும் பிலிம் பெறும் ஒளி ஒன்றே.

அளக்கும் சாதனம் எதுவுமில்லாத காலத்தில் இம்மலையில் படமெடுத்தவர்களை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகையில் ஸ்டூடியோ நடத்திய ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் மலைவாசிகளான தோடர்களையும், மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளையும், மலைக்காட்சிகளையும் ஏராளமாகப் படமாக்கினார். அக்காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கே பெரிதும் வசப்படுபவை. வானம் வெளுத்துப்போகும், பசுமை கறுத்துப்போகும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசம் வேறு, தகடு உணரும் பிரகாசம் வேறு என்ற அந்தக் கணக்கை, அவர்கள் அநுபவத்தால் மட்டுமே தீர்த்துக்கொண்டார்கள்.

அநுபவத்தைச் சுருக்கி வைத்த ஒரு சூத்திரம் நமக்கு உண்டு. நிர்மலமான வானத்தில் சூரியன் நன்றாக ஏறி, நிழலின் விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல் தெரியும்போது, துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் வேகம் எவ்வளவோ அவ்வளவில் ஒரு பங்கு வினாடி கொடுத்தால் போதும். வேகம் 125 உள்ள இல்ஃபோர்ட் எஃப்.பி.4 பிலிமுக்கு 125-இல் ஒரு பங்கு. நிழலின் ஓரம் மங்கினால் 11. நிழலே விழாத வெளுத்த மேகத்துக்கு 8. மழை கர்ப்பங்கொண்ட கருமேகத்துக்கு 5.6, வெயில் நாளில் மரத்தடி நிழலுக்கு 4. சூரியனை அண்ணாந்து பார்க்காமல் நிழலைக் குனிந்து பார்த்தே வெளிச்சத்தை நிர்ணயிப்பது இச்சூத்திரத்தின் சாமர்த்தியம். எனினும் நீலகிரிக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்கு அளவே. வெயிலைச் சிதறடிக்கும் காற்று குறைவாதலால் நேர்வெயில் சற்று உக்கிரமாகவும், வானத்திலிருந்து நிழலுக்குள் இறங்கும் ஒளி சொற்பமாகவும் நீலம் மிகுந்ததாகவும் இருக்கும். மலையின் நிழல் ஆழமான நிழல். நிழலில் உள்ள விவரம் படத்தில் வேண்டுமென்றால், சூத்திரம் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுப்பதே விவேகம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அந்தக் கூடுதலைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது.

இனி மீட்டரைப் பார்ப்போம். ஒளி பட்டால் தானே மின்சாரம் பிறக்கும் செலினியம் என்ற மூலகத்தைக் கொண்டு, அமெரிக்க வெஸ்டன் கம்பெனி 1932-இல் ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் காட்டும் எண்ணைச் சுழல்தட்டில் பொருத்தினால், இன்ன துவாரத்துக்கு இன்ன நேரம் என்று வரிசையாகத் தெரியும். ஆனால் இந்தச் சாதனத்தின் சுபாவத்தை அறியாமல் அதன் சொல்லை வேதவாக்காகக் கொள்பவன் நல்ல மீட்டர் வைத்திருந்தும் கெட்ட படமே எடுப்பான். தட்டில் இருப்பது தங்கமா புளியா என்பது தராசுக்குத் தெரியாததுபோல், எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், அது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல்நிறப் பொருள் என்றே பாவித்து அது விடை சொல்கிறது. கடைகளில் விற்கும் சாம்பல் அட்டை அந்தப் பிரமாணத்துக்காகச் செய்யப்பட்டதே.

இதனால் விளையும் பிழைகளை நீலகிரியில் பிரத்தியட்சமாகக் காணலாம். மூடுபனியைப் பார்த்து மீட்டர், ‘இங்கே வெளிச்சம் மிகுதி’ என்று குறைத்துச் சொல்லும். அதன்படி எடுத்த படத்தில் பனி அழுக்குச் சாம்பலாக விழும். அதன் வெண்மை நிலைக்க ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ கூட்ட வேண்டும். தோடர்கள் போர்த்திக்கொள்ளும், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வையை மட்டும் அளந்தால் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ஓடத்தொடங்கிய மலை ரயிலோ இதற்கு நேர்மாறான சோதனையையும் சேர்த்து வைக்கிறது. பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவரும் நீராவி எஞ்சினின் கரிய முகத்தை அளந்தால், மீட்டர் அதைச் சாம்பலாக்கும் ஆசையில் ஒளியை அள்ளிக் கொட்டச் சொல்லும். சுமார் ஒன்றரை ஸ்டாப் குறைத்தால்தான் இரும்பு இரும்பாக இருக்கும். அதே சமயம் பக்கத்தில் பொங்கும் வெண்ணீராவி மீட்டரின் பார்வைக்குள் புகுந்தால் கணக்கு மறுபுறம் சாயும். இரண்டையும் விட்டுவிட்டு, அதே வெயிலில் நிற்கும் புல்மேட்டை அளந்து அந்த அளவையே வைத்துக்கொள்வது உத்தமமான வழி. வெயில்பட்ட புல் நடுத்தரச் சாம்பலுக்கு வெகு அருகில் நிற்பது.

தேயிலைச் செடியும் அப்படிப்பட்ட ஓர் உபகாரிதான் என்றாலும் அதை அளக்கும் முறை தெரிய வேண்டும். இளங்கொழுந்து வெளிறியும் முதிர்ந்த இலை கறுத்தும் இருக்கும். இரண்டும் கலந்த பரப்பு சராசரியில் நடுத்தரமாக அமையும். ஆனால் இலைகள் வழவழப்பானவை, மழைக்குப் பின் வானத்தையே பிரதிபலிப்பவை. சூரியனுக்கு எதிரே நின்று அளந்தால் அந்தப் பளபளப்பே முள்ளைத் தூக்கிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு, மீட்டரைத் தாழ்த்தி, செடியின்மேல் கவிழ்த்தாற்போல் பிடிக்க வேண்டும். கவாத்து செய்த தோட்டமானால் பசுமையே இராது. பழுப்புக் குச்சிகளின் அந்தப் பரப்பு நடுத்தரத்தைவிடக் கறுத்தது.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுப்பதில்தான் அதிகமான பிழைகள் நேர்கின்றன. அவை என்னைச் சங்கடப்படுத்துவதும் உண்டு. 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்கவென்று நம் மாநில அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்களிலும், தனியார் எஸ்டேட்டுகளிலும், காலைப் பனியில் முதுகில் கூடையோடு வரிசையாக நிற்கும் அப்பெண்களுக்குப் பின்னால் எப்போதும் வெளுத்த வானம் இருக்கும். மீட்டர் அந்த வானத்தை அளந்து சொன்னதை அப்படியே வைத்து எடுத்த படங்களில் மலை அழகாயிருக்கும், பனி அழகாயிருக்கும், உழைக்கும் மனுஷியின் முகம் மட்டும் கறுத்த உருவமாய்ப் போயிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க விரும்புகிறவன் அருகில் போக வேண்டும், அநுமதி கேட்க வேண்டும், அந்த முகத்தின்மேல் விழும் ஒளியையே அளக்க வேண்டும். முகத்தை நேராக அளந்தாலும் ஓர் எச்சரிக்கை உண்டு: கருமையான மேனியை மீட்டர் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அவருடைய சொந்த நிறம் அப்படியே நிற்க அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைக்க வேண்டும்.

இந்தச் சங்கடத்திலிருந்து மீள, பொருளிலிருந்து திரும்பும் ஒளியை விட்டுவிட்டு, பொருளின்மேல் விழும் ஒளியை அளக்கும் முறை ஒன்று உண்டு. மீட்டரின் கண்ணுக்குமேல் பால்வெள்ளைக் கும்மட்டம் ஒன்றைப் பொருத்தி, பொருள் இருக்கும் இடத்திலிருந்து காமிராவை நோக்கிக் காட்டினால், போர்வை வெள்ளையா எஞ்சின் கறுப்பா என்ற கேள்வியே எழாது. வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் விழும். கும்மட்டம் இல்லாதவனுக்கு உள்ளங்கை உண்டு. புறங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறினாலும் உள்ளங்கை அவ்வளவு மாறுவதில்லை. அதே வெளிச்சத்தில் கையை நீட்டி அளந்து ஒரு ஸ்டாப் கூட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். தன் கைக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைச் சாம்பல் அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இம்முறைக்கும் மலையில் ஒரு வரம்பு உண்டு. சாலை வளைவில் மேகநிழலில் நிற்பவன், அப்பால் வெயிலில் குளிக்கும் கேத்தி பள்ளத்தாக்கையும் அதன் படிப்படியான காய்கறிப் பாத்திகளையும் எடுக்க நினைத்தால், தன் கையில் விழும் ஒளி அங்கே விழும் ஒளி அல்ல என்பதை மறக்கலாகாது. அங்கே மீட்டரை நேரே காட்டி, வானத்தை விலக்கி, நிலத்தை மட்டும் அளக்க வேண்டும்.

காமிராவோடு மீட்டரை இணைக்கும் முயற்சிகள் படிப்படியாக நடந்தன. எம்3-இன் தலையில் செருகி, ஷட்டர் சக்கரத்தோடு பூட்டிக்கொள்ளும் லைக்காமீட்டர் வந்தது. அதன் பிந்திய மாதிரி 90 மில்லிமீட்டர் லென்ஸ் காணும் அளவையே பார்க்கும் ஆதலால், ஜன்னலில் 90-க்கான சட்டத்தை வரவழைத்து எங்கே அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். கேனன் கம்பெனியின் கேனோனெட் காமிராவில் ஒளியுணரும் கண் லென்ஸைச் சுற்றிய வளையத்துக்குள்ளேயே அமைந்திருப்பதால், பில்டரைப் பொருத்தினால் கண்ணும் அதன் வழியாகவே பார்த்துத் தானே கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. 1984-இல் வந்த லைக்கா எம்6-இல் ஷட்டர் திரையின் நடுவே 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. லென்ஸின் வழியாக அதன்மேல் விழுந்து திரும்பும் ஒளியை அளந்து, ஜன்னலுக்குள் இரண்டு சிவப்பு அம்புகளால் கூடுதல் குறைவைச் சொல்கிறது. எவ்வளவு நுட்பமானாலும் இவையெல்லாம் நடுத்தரச் சாம்பலையே தேடுகின்றன. பனியை இவை அறியா.

தனி மீட்டர் வைத்திருப்பவன் பில்டரின் கணக்கைத் தானே போட வேண்டும். வானத்தைச் சற்றுக் கறுக்கச் செய்து மேகத்தை எடுத்துக்காட்டும் மஞ்சள் பில்டருக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்பது பொதுவான வாய்ப்பாடு. மலையின் நிழலில் நீலம் மிகுதி என்று முன்னரே சொன்னேன். மஞ்சளும் ஆரஞ்சும் நீலத்தையே தடுப்பவை ஆதலால், நிழல்கள் வாய்ப்பாடு சொல்வதற்கும் அதிகமாகக் கறுத்துவிடும். சோலையின் விளிம்பைச் சேர்த்து எடுக்கும்போது இன்னுமோர் அரை ஸ்டாப் கொடுப்பது நலம்.

நெகட்டிவ் பிலிமில் நிழலுக்குத் தக்கபடி ஒளி கொடுத்து, வெளிச்சப் பகுதியை டெவலப் செய்யும் நேரத்தால் அடக்க வேண்டும் என்பது பழைய நியமம். அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி இதை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தார்கள். அதன் சாரம் எளிது: விவரம் தெரிய வேண்டிய மிக இருண்ட இடத்தை, தேயிலைச் செடியின் அடித்தூரையோ சோலைமரத்தின் பட்டையையோ, நெருங்கி அளந்து, மீட்டர் சொல்வதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்ள வேண்டும். முதுமலையின் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன் போன்றோருக்கு எதிர்நின்ற சிக்கலும் இதே இனத்தது: கருத்த தோல், மூங்கில் நிழல், இடையிடையே வெயில் சொட்டுகள். வெயில் சொட்டை நம்பினால் யானை மறையும்.

கருவியின் ஆரோக்கியத்தையும் கவனிக்க வேண்டும். செலினியம் வயதாக ஆகச் சோர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே இல்லை என்று சொல்லத்தொடங்கும். பழைய காட்மியம் ஸல்பைட் மீட்டர்களோ 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென்று அமைந்தவை. அது விற்பனையிலிருந்து போய்விட்டது, 1.5 வோல்ட் போட்டால் கணக்குப் பிசகும். எண்ணெய் இறுகிய பழைய ஷட்டர் குளிரில் மந்தமாகி, நேரத்தை நீட்டிவிடும். மற்றொன்று, தூரமானிக் காமிராவுக்கே உரிய அபாயம்: உள்ளே கண்ணாடி மறைப்பு இல்லாததால், மூடியில்லாத லென்ஸ் சூரியனை நோக்கிக் கிடந்தால் துணியாலான ஷட்டர் திரையில் ஓட்டை விழுந்துவிடும். தொட்டபெட்டாவின் சுவரில் காமிராவை வைத்துவிட்டு ஓய்வெடுப்போர் இதை நினைவில் வைக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் அளந்துகொண்டிருப்பது இக்காமிராவின் தர்மத்துக்கு ஏற்றதல்ல. புறப்படும்போதே வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என மூன்று அளவுகளை நிதானமாக எடுத்துச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு மீட்டரைப் பைக்குள் வைத்துவிடலாம். வெயிலிலிருந்து நிழலுக்குள் காலெடுத்து வைக்கும்போதே விரல் துவார வளையத்தை நாலு படி திருப்பிவிடப் பழக வேண்டும். சூரியன் சாய்ந்த பின் மட்டும் மறுபடி அளந்தால் போதும்.

இவ்வளவு கவனத்தோடு எடுத்த சுருளும் இருட்டறையில் கெடக்கூடும். மலையில் அதற்கும் தனிக் காரணம் இருக்கிறது. டெவலப்பருக்குப் பிரமாணமான வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் உதகையின் குழாய்த் தண்ணீர் அதற்கு வெகு கீழே நிற்கும். கரைசலில் உள்ள ஹைட்ரோகுவினோன் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய உறங்கிவிடும். வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைசலைச் சூடேற்றாவிட்டால் நெகட்டிவ் வெளிறி வரும்; எடுத்தவர் மீட்டரைக் குறைசொல்வார். எது காரணம் என்றறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. பிலிமின் ஓரத்திலுள்ள எழுத்துகளையும் எண்களையும் ஆலையே ஒளி கொடுத்துப் பதித்திருக்கிறது. அவற்றுக்கும் நம் எக்ஸ்போஷருக்கும் சம்பந்தமில்லை. அந்த எண்கள் நன்கு கறுத்திருந்து, படத்தின் நிழற்பகுதி மட்டும் வெற்றாக இருந்தால் ஒளி போதவில்லை. எண்களும் மங்கியிருந்தால் டெவலப்பர் குளிர்ந்துபோயிருந்தது.